முப்பத்தொன்பது டிகிரி

சலாலாவில் ஹஃபா சந்தை.
ஓயாத தூறல்; மலையை மூன்று நாளாய்க் காணோம்.
பகீதாவின் கடையில் இரண்டு பேர் நின்றால்
மூன்றாவது ஆள் வாசனைதான்.

ஒரே புட்டியில் ஒரே கண்ணாடிக் குச்சி.
முதலில் துஃபூலின் மணிக்கட்டில்,
பிறகு என் மணிக்கட்டில்
ஒரு கோடு இழுத்தாள்.
பத்து இருபது என்று குறித்துக்கொண்டேன்.
துறைமுகச் சுங்கத்தில் பதினான்கு வருடம்.
எது உள்ளே வந்தாலும்
நேரம் எழுதுவது கைப்பழக்கம்.

முதலில் இருவருக்கும் ஒன்றுதான்.
எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறியதுபோல்
ஒரு சுருக்.
அப்புறம் ரோஜா, உள்ளே மிளகு வைத்த ரோஜா.
அதுவரை வழக்கில்லை.

பால் தேநீர் வந்தது.
கோப்பையின் அடி தெரிகிற நேரத்தில்
பாதை பிரிந்தது.

துஃபூலின் கையில்
ரோஜா சம்மணம் போட்டு உட்கார்ந்து
அதனடியில் தேன் கசிந்தது.
இலந்தைப் பூத் தேன், கருத்த தேன்,
அடிநாக்கில் கொஞ்சம் கசக்குமே, அது.

என் கையில்
ரோஜா சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போயிற்று.
போன இடத்தில்
மழையில் நனைந்த வெள்ளாடு.
மிகையில்லை. வெள்ளாடு.
கூடவே துருவேறிய ஒரு கொள்கலன் தாழ்ப்பாள்.

பகீதா குனிந்து முகர்ந்தாள்.
துஃபூலின் கைக்கு மாஷா அல்லாஹ் சொன்னாள்.
என் கைக்கு விலையைக் குறைத்தாள்.

வாங்கினேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

கழுத்துக் குழியில்,
காதுமடலின் பின்னால், முழங்கை மடிப்பில்,
குளித்துவிட்டு, குளிக்காமல்,
வாசலின் பூசி அதன்மேல்.
ஏழு இடத்தில் ஏழு ஆடு.
மகன் கேட்டான்:
அம்மா, மலைக்கா போய் வந்தாய்?

அலுவலகத்தில் அவள் மேசை என் மேசைக்கு அடுத்தது.
பதினொரு மணிக்குத் தடுப்பைத் தாண்டித்
தேன் வரும், கோப்புகளின் மேல் நடந்து.
பூசிய நினைவே அவளுக்கு இராது.
எரிச்சல் அதில்தான்.

ஆகஸ்டில் எனக்குக் காய்ச்சல்.
மூக்கு அடைக்கவில்லை, வெறும் சூடு.
மூன்றாம் இரவு
கை தானாகப் போய்ப் புட்டியைத் திறந்தது;
பல் துலக்குவதுபோல ஆகியிருந்தது அது.
விளக்கணைத்துப் படுத்தேன்.

ஒன்று பத்துக்கு
என் கழுத்திலிருந்து தேன்.

அசையவில்லை. அசைந்தால் சிந்திவிடும்.
போர்வையைத் தலைக்குமேல் இழுத்து
அந்த இருட்டில்
அடுத்த வீட்டுக்குள் நுழைந்த திருடியாக
என்னையே முகர்ந்தேன்.
தேன்தான். அந்த லேசான கசப்பு உட்பட.
வெப்பமானியில் முப்பத்தொன்பது.
மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில்.
எடுக்கவில்லை.
ஒரு மணி நேரம்.
இன்னும் அரை மணி.
உடம்பு தூக்கிப் போட்டது, பல் கிட்டியது,
இருக்கட்டும் என்றேன்.

தண்ணீருக்கு எழுந்த மகன் பார்த்துவிட்டான்.
நெற்றியில் கை வைத்தான், திட்டினான்,
மாத்திரையை வாயில் போட்டுத்
தம்ளரை உதட்டில் வைத்தான்.

விடியுமுன் வியர்த்தது.
நாலே முக்காலுக்குக்
கட்டிலின் கால்மாட்டில்
ஆடு வந்து நின்றது,
சொட்டச் சொட்ட, பொறுமையாக.

தலையணை உறையில் அன்று ஒட்டியது இன்னும் இருக்கிறது.
அதில் தேனும் இல்லை, ஆடும் இல்லை.
மிளகு வைத்த ரோஜா மட்டும்.
பருத்திக்கு என்ன தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனேன்.
இளைத்துவிட்டாயே என்று
துஃபூல் எட்டி என் கையைப் பிடித்தாள்.
தேன், அருகில், குப்பென்று.
இவளுக்கு எந்நேரமும் உள்ளே
கொஞ்சம் காய்ச்சல்தானோ என்று
விரலை அவள் நாடிக்கு நகர்த்திப் பார்த்தேன்.

இல்லை.
ஏசிக் காற்றில்
சில்லென்றிருந்தது.